வாய் குவியாத ‘உ’

கப்பலுக்குக் காய்கறி ஏற்றும் கடை, இரண்டு லாரி, மட்டக்கடைப் பகுதியில் மூன்று மாடி வீடு. ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் ஒற்றை ஆளாய் உண்டாக்கியவை இவை. இவற்றுக்கு யாருடைய பாராட்டும் எனக்கு வேண்டாம். ஆனால், இங்கே ரஷ்ய மொழி வகுப்பு நடத்துகிறவர்கள் போட்டிருக்கும் பாடப்புத்தகத்தைப் புரட்டியதிலிருந்து வயிறு எரிகிறது.

சோவியத் கப்பல்கள் நம் துறைமுகத்துக்கு வந்துபோன காலத்தில் எனக்குப் பதினான்கு வயது. அழுகின வெங்காய வாடை சட்டையில் ஊற, மூட்டையோடு கப்பலேறி, மாலுமிகளிடம் காதால் பிடித்த மொழி அது. ஓர் எழுத்துத் தெரியாது. பர்னாந்து சார் அந்த மொழிக்கு மாலை வகுப்பு தொடங்கியபோது முன் பெஞ்சில் பட்டதாரிகள், நடுவில் கப்பல் ஆபீஸ் குமாஸ்தாக்கள், கடைசியில் நானும் இரண்டு தோணிக்காரர்களும். எழுதச் சொன்னால் எங்களுக்கு வியர்க்கும். பேசச் சொன்னால் அவர்களுக்கு.

ரஷ்ய மொழியில் மீனுக்கு உள்ள சொல்லை முன் பெஞ்சு ‘ரிபா’ என்று வாசித்தது. “ரியும் இல்ல, ருவும் இல்ல, ரெண்டுக்கும் நடுவுல” என்று சார் மூன்று நாள் தொண்டை கிழியக் கத்தினார். பிறகு சாக்பீஸை எறிந்தார். “இது உங்களுக்கு வராது. நாளைக்கு வகுப்புக் கெடையாது.”

நான் விடவில்லை. எழுந்து, “சார், ‘படகு’ன்னு சொல்லச் சொல்லுங்க. கடைசியில வாய் குவியுதா?” என்றேன்.

முன் பெஞ்சிலிருந்த பி.ஏ. அண்ணாச்சி திரும்பினார். “ஏலே, வெங்காயம் சொமக்கவன் இலக்கணம் பேசுதான் பாரு!”

“சிரிக்காதிய அண்ணாச்சி. அந்தக் குவியாத ‘உ’வ ‘ர்’ரோட ஒட்டுங்க. மீனு தானா வரும்.”

முதலில் தோணிக்காரர்களுக்கு வந்தது, அண்ணாச்சிக்குக் கடைசியில். ‘நீ’, ‘நீங்கள்’, ‘நாங்கள்’ என்பதற்கான ரஷ்யச் சொற்களுக்கும் அதே ஒலிதான். அன்றே சார், எழுத்துத் தெரிந்தவன் பக்கத்தில் உச்சரிப்பு வந்தவனை உட்காரவைத்தார். வகுப்புப் பிழைத்தது.

சோவியத் கொடி கட்டிய கப்பல் இன்று இல்லை, சாரும் இல்லை. டாக்டருக்குப் படிக்க ரஷ்யா போகும் பிள்ளைகளுக்கு இன்றும் ‘படகு’ சொல்லித்தான் தொடங்குகிறார்கள். புத்தகமோ, ‘பட்டதாரி மாணவர் ஒருவரின் யோசனை’ என்று அச்சடித்து, சிரித்த அந்த அண்ணாச்சியின் பெயரைப் போட்டிருக்கிறது! போனில் கேட்டால், “யாரு சொன்னான்னு எவனுக்குல ஞாவகம்?” என்கிறார்.

எனக்கு இருக்கிறது. அடுத்த பதிப்பில் என் பெயர் வரவேண்டும். நன்றியுரையின் மூலையில் அல்ல, அதே பக்கத்தில், அவர் பெயரை அடித்துவிட்டு.