பரவாயில்லை அண்ணனும் பக்கத்து வீட்டு நாயும்

என் வீட்டுக்காரரைப் போல ஒரு தங்கமான மனிதரைப் பார்க்க முடியாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். சொல்கிறவர்களுக்கு என்ன, கூடக் குடித்தனம் நடத்துகிறவள் நானல்லவா? அந்தத் தங்க குணத்தால் நான் பட்ட பாட்டை நினைத்தால் இன்னமும் வயிறு எரிகிறது.

அவர் ஒரு பேக்கரியில் அடுப்பு மாஸ்டர். எல்லோரும் தூங்கும்போது அவர் ரொட்டி சுடுவார். எல்லோரும் வேலைக்குக் கிளம்பும்போது உடம்பெல்லாம் மாவும் வெண்ணெய் வாசனையுமாக வீட்டுக்கு வருவார். குளித்துவிட்டு, ஜன்னலில் கெட்டித் துணி தொங்கும் அறையில் சாயங்காலம் வரை படுத்துக்கிடப்பார். அந்தத் தூக்கம்தான் எங்களுக்குச் சோறு. தூங்காத கண்ணோடு அந்த அடுப்பின் முன்னால் நிற்கக் கூடாது.

பேக்கரியில் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'பரவாயில்லை அண்ணன்'. முடிவெட்டுகிறவர் காதைக் கீறிவிட்டால் பரவாயில்லை என்பார். புதுச் செருப்பு கடித்தால் கடைக்காரர் மனசு கஷ்டப்படுமே என்று மாற்றாமல், கால் காய்த்துப் போகும்வரை நொண்டிக்கொண்டே நடப்பார். எங்கள் கல்யாணத்துக்குத் தையல்காரர் பேன்ட்டைக் கணுக்காலுக்கு மேலே தைத்துக் கொடுத்துவிட்டார். அதையும் வாயைத் திறக்காமல் போட்டுக்கொண்டு வந்து நின்றார். போட்டோவில் பார்த்தால், ஆற்றில் இறங்கத் தயாரானவர் பக்கத்தில் நான் பட்டுச்சேலையோடு நிற்பது போல இருக்கும்.

இப்படிப்பட்டவருக்குப் பக்கத்து வீட்டில் நாய் வந்து சேர்ந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். மனைவி காலமாகிவிட்டார். மகள் வெளியூருக்குப் படிக்கப் போகும்போது தன் நாயை அப்பா தலையில் கட்டிவிட்டுப் போனாள். கன்றுக்குட்டி அளவு இருக்கும் அந்தப் பழுப்பு நாய்க்குக் 'குட்டி' என்று பெயர் வேறு. கடைக்காரர் வீட்டில் இருக்கும் வரை அது வாயே திறக்காது. கதவைப் பூட்டிக்கொண்டு படியிறங்குவார், தெருமுனை திரும்புவார், அவ்வளவுதான், ஆரம்பித்துவிடும். சாயங்காலம் அவர் சாவியைப் போடும் வரை ஓயாது. அவர் உள்ளே வரும்போது வாலை ஆட்டிக்கொண்டு ஒன்றும் அறியாத பச்சைப்பிள்ளையாக நிற்கும். எங்கள் மாடியில் மற்ற வீடுகளில் பகலில் ஆளே கிடையாது. கேட்பதற்கு நாங்கள் இரண்டு பேர்தான்.

முதல் நாளே போய்ச் சொல்லிவிடலாம் என்று கிளம்பினேன். வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம்மா. பாவம், தனியா இருக்கற மனுஷன். நீ போனா சண்டையாயிடும். நான் பக்குவமா சொல்லிக்கறேன்."

சொன்னார். எப்படித் தெரியுமா? காலையில் படியில் பார்த்து, "சார், குட்டிக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?" என்று கேட்டார்.

"இல்லையே! நல்லாத்தானே இருக்கு. ரொம்ப நன்றி சார், இந்தக் காலத்துல யார் இதெல்லாம் விசாரிக்கறாங்க?" என்று கண்ணாடிக்கடைக்காரர் நெகிழ்ந்துபோய் இவர் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்.

இதுதான் பக்குவம். எனக்கு எங்கேயாவது முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

அடுத்து வீட்டுக்காரர் கண்டுபிடித்தது பன். நாயோடு சிநேகமாகிவிட்டால் நம்மைத் தன் வீட்டு ஆட்களாக நினைத்துக்கொண்டு சும்மா இருக்கும் என்பது அவர் கணக்கு. தினமும் வேலை முடிந்து வரும்போது ஒரு பன்னைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வருவார். வாசலில் கண்ணாடிக்கடைக்காரரைப் பார்த்து ஒரு சிரிப்பு, நாய்க்கு ஒரு பன், தலையில் ஒரு தடவல். அந்த மனிதருக்கு வாயெல்லாம் பல். நாய்க்கோ, இவர் என்றால் பன், பன் என்றால் இவர் என்று ஆகிப்போனது. முன்பெல்லாம் வாசல் கதவைப் பார்த்துக் குரைத்துக்கொண்டிருந்தது, இப்போது எங்கள் படுக்கையறைச் சுவரை மோப்பம் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்துக் குரைக்க ஆரம்பித்தது. சுவருக்கு இந்தப் பக்கம் அவர் தலையணை. கட்டிலைக் கூடத்துக்கு இழுத்துப் போட்டோம். நாயும் அந்தப் பக்கத்துக் கூடத்துக்கு வந்துவிட்டது.

கையில் எந்நேரமும் எனக்கு ஒரு கரண்டி இருக்கும். சமையலறையிலிருந்து ஓடி வந்து அந்தக் கரண்டியால் சுவரில் நாலு போடு போடுவேன். "சனியனே, உனக்குத் தொண்டையே வலிக்காதா? மனுஷன் தூங்க வேண்டாமா?" என்று வாய்க்கு வந்தபடி திட்டுவேன். அது இன்னும் நாலு குரைப்பு குரைக்கும். நானும் விட மாட்டேன். இப்படியே எங்கள் பகல்கள் போயின. அவர் தலையணையைக் காதில் கவிழ்த்துக்கொண்டு, "பரவாயில்லை விடும்மா" என்று முனகுவார். கண்கள் இரண்டும் மிளகாய்ப் பழம் மாதிரி சிவந்து கிடக்கும்.

ஒரு நாள் காலை அவர் தனியாக வரவில்லை. பேக்கரியில் சூப்பர்வைசராக இருக்கும் தம்பி தன் வண்டியில் உட்காரவைத்துக் கூட்டிவந்தார். வலது கையில் முழங்கை வரை கட்டு.

"சின்னக் காயம்தான்" என்றார் இவர்.

"சின்னக் காயமா?" என்றார் அந்தத் தம்பி. "அக்கா, அண்ணன் ட்ரேயை இழுக்கும்போது நின்னுக்கிட்டே தூங்கிட்டார். அடுப்புக் கதவுல கை அப்படியே பட்டுடுச்சு. நல்லவேளை, முகத்தை வெச்சிருந்தார்னா? முதலாளி சொல்லிட்டார். கை ஆறி வரட்டும், ஆனா இன்னொரு தடவை இப்படி நடந்தா அடுப்புப் பக்கமே விட மாட்டேன்னுட்டார். வீட்டுல நல்லா தூங்க வைங்கக்கா."

நான் தூங்க வைக்க மாட்டேன் என்றா சொன்னேன்? எனக்கு வந்த ஆத்திரத்தில் யார் மேல் பாய்வது என்றே தெரியவில்லை. நாய் மேலா, நாய்க்காரர் மேலா, கட்டுப்போட்ட கையை வைத்துக்கொண்டு அந்த நேரத்திலும் சட்டைப்பையிலிருந்து பன்னை எடுக்கிற இந்த மனிதர் மேலா?

அப்போது பார்த்துக் கண்ணாடிக்கடைக்காரர் கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பினார். கட்டைப் பார்த்ததும், "ஐயய்யோ, என்ன சார் ஆச்சு?" என்றார்.

"உங்க நாய்தான் ஆச்சு!" என்றேன்.

"என்னம்மா சொல்றீங்க? குட்டி கடிச்சிடுச்சா?"

"கடிச்சிருந்தாக்கூட ஒரு ஊசியோட போயிருக்கும். காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் குரைச்சுக் குரைச்சு இவர் உயிரை வாங்குது. தூக்கமில்லாம அடுப்புல கையை வெச்சுட்டு வந்து நிக்கறார்."

"எங்க குட்டியா? அது குரைக்கவே குரைக்காதேம்மா."

கண்ணாடி விற்கிற மனிதருக்குக் காதைப் பார்க்க ஆளில்லை போலிருக்கிறது. நான் வாதாடவில்லை. "சார், எப்பவும் போலக் கீழே இறங்கி, தெருமுனை வரைக்கும் நடந்து போங்க. அப்புறம் செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு சத்தமில்லாம எங்க வீட்டுக்கு வாங்க" என்றேன். என் குரலில் இருந்ததைக் கேட்டுப் பயந்தோ என்னவோ, மறுபேச்சுப் பேசாமல் போனார். வீட்டுக்காரர் என்னைக் கெஞ்சுகிற மாதிரி பார்த்தார். நான் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

கண்ணாடிக்கடைக்காரர் வெறுங்காலோடு திரும்பி வந்து எங்கள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் கச்சேரி ஆரம்பித்திருந்தது. முதலில் நம்பாதவர் போலச் சுவரைப் பார்த்தார். பிறகு கையைப் பிசைய ஆரம்பித்தார். பழக்கதோஷத்தில் நான் கரண்டியால் சுவரில் நாலு போட்டேன். நாய் ஊளையிட்டது. அவர் முகம் விழுந்துவிட்டது.

"பகல் பூராவும் இப்படித்தானா?"

"சாப்பிடற நேரம் தவிர."

"இவ்வளவு நாளா ஏன் சார் சொல்லல?" என்று இவரைப் பார்த்துக் கேட்டார். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "என் தங்கச்சி வீட்டுல பெரிய தோட்டம். அங்க ரெண்டு நாய் இருக்கு. இதையும் குடுத்துடுன்னு அவ எப்பவோ கேட்டா. என் பொண்ணும் சரின்னுட்டா. நான்தான் குடுக்கல. தினமும் வேலை முடிச்சு களைச்சு வந்தாலும் பன் வாங்கிட்டு வந்து குடுக்கறீங்களே, உங்களுக்குக் குட்டின்னா உயிர், அனுப்பிட்டா உங்க மனசு உடைஞ்சுடும்னு நெனச்சேன்."

இவர் மனசு நோகக் கூடாது என்று அவரும், அவர் மனசு நோகக் கூடாது என்று இவரும் ஆளுக்கொரு பக்கம் நாயைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறார்கள். நடுவில் வெந்தது ஒரு கை. இரண்டு பேரையும் சேர்த்துக் கரண்டியால் போடலாமா என்றுகூடத் தோன்றியது.

"நீங்களே சொல்லுங்க சார்" என்றார் கண்ணாடிக்கடைக்காரர். "உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னா, நான் குட்டியை அனுப்பல. வேற வழி பார்க்கறேன்."

இவர் உதடு அசைந்தது. 'பரவா' என்று ஆரம்பிக்கப் போகிறது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு அது தெரியாதா? நான் அவர் கையில் இருந்த கட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவரும் குனிந்து அதைப் பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கம் நாய் இடைவிடாமல் குரைத்துக்கொண்டிருந்தது.

"அனுப்பிடுங்க சார்" என்றார். சொன்னதும் ஏதோ திருடியவர் போல வியர்த்துவிட்டது அவருக்கு.

ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி வீட்டு வண்டி வந்து குட்டியை ஏற்றிக்கொண்டு போனது. கடைசிப் பன்னை இவர்தான் ஊட்டினார். லீவில் இருந்தாலும் பழக்கப்படி அடுத்த நாள் காலையில் படுத்தவர் சாயங்காலம் விளக்கு போடும் நேரம் வரை அசையவில்லை. இடையிடையே போய் மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன். கை ஆறுவதற்குள் கண்ணின் சிவப்பும் போய்விடும், மறுபடியும் அடுப்புக்குப் போகலாம் என்று தைரியம் வந்தது.

அவர் புரண்டு கண்ணைத் திறந்தபோது நான் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். வெற்றி என்னுடையது, சும்மா இருக்க முடியுமா?

"பாத்தீங்களா? நேரா சொன்னேன், ஒரே காலையில முடிஞ்சுது. இனிமேலாவது மனசுல இருக்கறதை முகத்துக்கு நேரா சொல்லக் கத்துக்கங்க. யாரா இருந்தாலும் சரி."

"யாரா இருந்தாலுமா?" என்றார்.

"யாரா இருந்தாலும்."

மேலே ஓடும் விசிறியைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நாய் சத்தம் ரெண்டாவது வாரமே எனக்குப் பழகிப்போச்சும்மா. கண்ணு சொருகிடும். நீ வந்து கரண்டியால சுவத்துல தட்டிக் கத்துவே பாரு, அப்பதான் தூக்கிவாரிப் போட்டு எழுந்துக்குவேன்."

எனக்கு உச்சந்தலை வரை சூடேறியது. பதிலுக்கு நாலு வார்த்தை கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் மறுபக்கம் புரண்டு, காயம்பட்ட கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு மறுபடியும் தூங்கிவிட்டார்.

கையில் கரண்டி இருந்தது. அதைச் சத்தம் வராமல் மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.