மேசையில் கிடக்காத இதழ்கள்

பதினேழு. 2024 ஏப்ரலில் பல்கலைக்கழக நூலகத்திலிருந்து மேலிடத்துக்குப் போன அறிக்கையில், ஆய்விதழ்ப் பிரிவின் ஓராண்டுப் பயன்பாடு அவ்வளவுதான். அனுப்பியவர் குன்றாண்டார்கோவில் பிரகதீஸ்வரி. பல வருஷமாக அந்தப் பிரிவைப் பார்த்துக்கொள்பவர். ஒரே நாளில் அதைவிட அதிகம் பேர் வந்து படிப்பதைக் கண்ணால் பார்க்கிறவரும் அவர்தான்.

கணக்கெடுக்கும் முறை எளிது. படித்த இதழை மேசையிலேயே விட்டுப் போக வேண்டும். சாயங்காலம் பிரகதீஸ்வரி அதை ஸ்கேன் செய்துவிட்டு அலமாரியில் வைப்பார். ஸ்கேன் ஆனது மட்டுமே பயன்பாடு. எண் தேறாவிட்டால் பிரிவையே மூடிவிடுவோம் என்றது சுற்றறிக்கை.

தேறாததற்குக் காரணம் அவரேதான். இந்தக் கணக்கெல்லாம் வருவதற்கு முன்பு, முதுகில் ஆபரேஷன் முடிந்து வேலைக்குத் திரும்பிய வருஷம், இதழை மேசையில் போட்டுவிட்டுப் போனவர்களை வாசல்வரை விரட்டித் திட்டியிருந்தார். "நான் குனிஞ்சு நிமுந்து அடுக்கணுமா? ஒங்க வீட்டுல தின்ன தட்டையும் இப்படித்தான் போட்டுட்டு எந்திரிப்பீங்களா?" சீனியர்கள் ஜூனியர்களுக்குச் சொல்லிச் சொல்லி, படித்ததை அலமாரியிலேயே வைத்துவிட்டுப் போகும் பழக்கம் ஊறிவிட்டது. இப்போது 'மேசையிலேயே வைக்கவும்' என்று போர்டு மாட்டியும் யாரும் மதிக்கவில்லை.

"சேரா, அதை அங்கிட்டே போட்டுட்டுப் போப்பா."

கீரமங்கலத்துச் சேரன் கண்மாய்ப் பாசனத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்கிறவன். "சும்மா இருங்கக்கா. போர்டு மேலிடத்துக்கு, முதுகு ஒங்களுக்கு" என்று சிரித்தபடி இதழை அலமாரியில் செருகினான்.

"ரூமையே மூடிருவாங்கடா."

"இம்புட்டுப் பேரு படிக்கிற ரூமை எவன்க்கா மூடுவான்?"

நூலகர் ஏகாம்பரம் ஒரு வழி சொன்னார். "நீங்களா நாலு நாலா எடுத்து ஸ்கேன் பண்ணிவிடுங்களேம்மா."

"எவன் எதைப் படிச்சான்னு தெரியாம எதை சார் பண்றது?"

கடைசியாக ஒரு வாய்ப்பு கிடைத்தது. இங்கே எழுதப்பட்ட ஆய்வேடுகளில் இந்த இதழ்களை மேற்கோள் காட்டியிருந்தால் மறுபரிசீலனை செய்வதாக மேலிடத்தில் சொன்னார்கள். பிரகதீஸ்வரி நம்பிக்கையோடு முதலில் எடுத்தது, சேரன் அப்போதுதான் சமர்ப்பித்திருந்த ஆய்வேட்டை. இரண்டு வருஷம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து பாசன இதழைப் படித்தவன் அவன். துணைநூற்பட்டியலில் அந்த இதழின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. போன் போட்டார்.

"ரெண்டு சேப்டரு அதுலேர்ந்து வந்ததுதான்க்கா. கைடுதான் அந்தப் பேரைத் தூக்கிட்டாரு. அவரு கட்டுரைகளைப் போடச் சொன்னாரு. மிச்ச எடத்துக்கு வெளிநாட்டு ஜர்னல் போட்டாத்தான் வெயிட்டுன்னுட்டாரு."

"அந்த வெளிநாட்டு ஜர்னலையெல்லாம் படிச்சியா?"

"தலைப்பை மட்டும் பாத்தேன்க்கா."

"நல்லா இரு" என்று வைத்துவிட்டார். மற்ற ஆய்வேடுகளும் அதே லட்சணம்தான். இருபது பேரின் பட்டியலில் சேரனின் கைடு பெயரே வரிசை கட்டி நின்றது. பிரிவை மூடும் உத்தரவு ஜூனில் வந்தது. கையெழுத்திட்ட குழுவில் அந்தக் கைடும் ஒருவர்.

சந்தாவை நிறுத்தும் கடிதங்கள் போய்விட்டன. ஜூலை முதல் தேதியிலிருந்து அந்த அறையில் விடைத்தாள் கட்டுகளை அடுக்குவார்கள். பிரகதீஸ்வரியைத் தேர்வுப் பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள். திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும்.