கையைக் கட்டிக்கொண்டு உதவியவர்

புரோகிராமர் குழுவை விட்டு விலகியபின் மூன்று வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். குழுவை நடத்திய குலசிங்கம் இறந்த செய்தியை, அதன் உறுப்பினர் மார்கரெட்தான் என் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொன்னார். "உங்கள் நண்பர் போய்விட்டார்" என்றார். நண்பர் என்ற சொல்லை நான் மறுக்கவில்லை.

இறுதிச் சடங்கில் நம்மவர் ஒருவர் என் காதருகே கேட்டார்: "இவ்வளவு வெள்ளைக்காரர் ஏன் வந்திருக்கினம்?" எனக்குப் பதில் தெரியும். அதை இப்போது சொல்கிறேன்.

எங்கள் புறநகரான பாபடோயிட்டோயில் ஒரு பள்ளி மண்டபத்தில் எங்கள் புரோகிராமர் குழு மாதம் ஒருமுறை கூடும். ஏழு பேர். நாங்களே பேசி, நாங்களே கைதட்டிக்கொள்வோம். ஆள் சேர்க்க 'உதவி நாள்' நடத்தலாம் என்றார் குலசிங்கம். கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வாருங்கள், இலவசமாக உதவுகிறோம் என்று நூலகத்திலும் டெய்ரி எனப்படும் மூலைக் கடைகளிலும் சீட்டு ஒட்டினார். கூட்டம் வந்தது. உறுப்பினராக ஒருவரும் சேரவில்லை.

மார்கரெட் பக்கத்துப் புறநகரான மனுரேவாவிலிருந்து வந்தார். பிள்ளைகளின் நெட்பால் அணிகளுக்கு ஆட்ட அட்டவணை போடும் புரோகிராம் வேண்டுமாம். நாற்பது நிமிடத்தில் நானே தட்டி முடித்துக் கொடுத்தேன். அவர் நன்றி சொல்லிப் போனதும், எல்லார் முன்னிலையிலும் குலசிங்கம் கேட்டார்:

"ஐசே, அவவின்ர விரலுக்கு என்ன வேலை குடுத்தனீர்?"

"வேலை முடிஞ்சுதா இல்லையா சார்?"

"ஓம், முடிஞ்சுது. அதாலைதான் அவ இனி வரமாட்டா."

ஓர் அணி விலகியதும் என் அட்டவணை குலைந்தது. குலசிங்கம் மார்கரெட்டைக் கூப்பிட்டு, தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்தார். மார்கரெட் தட்டினார், திட்டினார், அழித்தார், மறுபடி தட்டினார். போகும்போது உறுப்பினர் படிவத்தைத் தானே கேட்டு வாங்கினார். அடுத்த மாதம் மேசையின் மறுபக்கத்தில், கையைக் கட்டிக்கொண்டு, இன்னொருவருக்கு உதவினார். அந்த ஆண்டு முடிவதற்குள் மண்டபத்தில் நாற்காலி போதவில்லை.

அந்த அட்டவணைப் புரோகிராம், குழுவின் செய்திமடலில் மார்கரெட்டின் பெயரில் வந்தது. பாதி வரிகள் என்னுடையவை. என் பெயர் ஏன் இல்லை என்று குலசிங்கத்திடம் கேட்டேன்.

"உதவினவன்ர பேரைப் போட்டா சனம் அவனைத் தேடி வரும், குழுவுக்கு வராது. என்ர பேரும் இல்லைத்தானே?"

"உங்க பேரு ஊருக்கே தெரியும் சார். என் பேரு?"

சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகத்தான் குழுவை விட்டு விலகினேன். அவர் அன்று சிரித்திருக்கக் கூடாது என்றே இன்றும் நினைக்கிறேன்.

ஆனால் போன வாரம் அலுவலகத்தில் புதிதாக வந்த பெண் விசைப்பலகையோடு திணறியபோது, என் கைகள் தாமாகவே முதுகுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்துகொண்டன. குலசிங்கத்திடமிருந்து எனக்கு மிச்சம் அதுதான்.

இதை அனுப்பப்போகும் தமிழ்ச் சங்கச் சுற்றிதழுக்கு எழுதுபவர்கள் தம் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்பது விதி. கடைசி வரியில் என் பெயரை எழுதிப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. படிப்பவர்கள் அவரை விட்டுவிட்டு அந்தப் பெயரைத்தான் பேசுவார்கள். தாளை அந்த வரிக்கு மேலே கத்தரித்துவிட்டேன். இப்படியே தபாலில் போடுகிறேன்.