ஆறு வோல்ட் வெளிச்சம்

அந்த ஜீப்பை நான் வாங்கியது ஐம்பதுகளின் நடுவில். மேட்டுப்பாளையத்துக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் அது ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் யுத்தத்தில் பர்மா எல்லைப் பக்கம் ஓடியதாகச் சொன்னார்கள். நிஜமோ பொய்யோ, ஸ்டியரிங் இடது பக்கம் இருந்தது. பானெட்டில் பச்சைப் பெயின்டுக்கு அடியில் ஒரு வெள்ளை நட்சத்திரம் மங்கலாகத் தெரிந்தது.

எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. கோயமுத்தூருக்குக் கிழக்கே ஒரு நூல் மில்லில் எலக்ட்ரிகல் சூப்பர்வைசர். சூலூருக்கு அப்பால், மெயின் ரோட்டிலிருந்து இரண்டு மைல் உள்ளே எங்கள் தோட்டம். அங்கே நானும் மனைவியும் மகளும் இருந்தோம். அந்த இரண்டு மைலும் இட்டேரிதான். இருபுறமும் கள்ளிவேலி, நடுவில் வண்டித்தடம், பாதி வழியில் ஒரு மணல் ஓடை. மழை பெய்துவிட்டால் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தாக வேண்டும். கார் அந்தத் தடத்தில் வராது. ஜீப் வந்தது.

பழைய வண்டியை வைத்துக்கொண்டு தினமும் வேலைக்குப் போவதென்றால், தினமும் அதற்கு ஏதாவது செய்துகொண்டே இருக்க வேண்டும். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து பானெட்டைத் திறப்பேன். ரேடியேட்டரில் தண்ணீர், என்ஜினில் ஆயில், பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று கட்டைவிரலால் ஓர் அழுத்தல். வாரம் ஒரு நாள் பொறி உண்டாக்கும் பாயின்ட்டை உப்புத்தாளால் தேய்ப்பேன். ஞாயிற்றுக்கிழமை அடியில் படுத்து ஒவ்வொரு நிப்பிளுக்கும் கிரீஸ் அடிப்பேன். சித்திரை வெயிலில் பெட்ரோல் பம்ப் சூடேறி வண்டி நடுரோட்டில் நின்றுவிடும். அதற்காக பம்பில் ஓர் ஈரத்துணியைச் சுற்றிவைத்து, வழியில் நனைக்க ஒரு கூஜாத் தண்ணீரும் கொண்டுபோவேன். நான்கு வருடத்தில் ஒரு நாள்கூட மில்லுக்குத் தாமதமாகப் போனதில்லை. அந்தப் பெருமை எனக்கு நிறைய இருந்தது.

என்னால் முடியாததை மிஸ்திரியிடம் கொண்டுபோவேன். திருச்சி ரோட்டில் ஓலைக் கொட்டகை போட்டு ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், மெலிந்த மனிதர். வீட்டில் தெலுங்கு பேசுவார், எங்களிடம் எங்கள் பேச்சுத்தான். லாரிக்காரர்களும் பஸ் முதலாளிகளும் அவரைத் தேடி வருவார்கள். அவர் பூட்டிய போல்ட் கழன்றது என்று யாரும் சொன்னதில்லை.

ஓர் ஐப்பசி மாதத்தில் அது ஆரம்பித்தது. மில்லிலிருந்து ஐந்தரைக்குக் கிளம்பினால் சூலூர் தாண்டும்போது பொழுது இறங்கிவிடும். ஒருநாள் முன்விளக்கைப் போட்டேன். ரோடு தெரியவில்லை. புளியமரங்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒரு கறுப்புச் சுவராக நின்றன. மாட்டுவண்டி வேகத்தில் வீடு வந்து சேர்ந்தேன்.

அந்தக் காலத்து ராணுவ ஜீப்பில் ஆறு வோல்ட் பேட்டரி. அதன் வெளிச்சம் என்றைக்குமே சுமார்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் எனக்கு வேறு எந்தச் சந்தேகமும் வரவில்லை. பல்ப் மாற்றினேன். விளக்குக்குள் இருக்கும் கண்ணாடித் தட்டுக்கு டவுன்ஹால் பக்கம் கொடுத்துப் புதிதாக வெள்ளிமுலாம் பூசினேன். வயரிங் முழுவதையும் பிய்த்து எறிந்துவிட்டு, மில்லில் மீந்த நல்ல ஒயரைக் கேட்டு வாங்கி என் கையாலேயே புதிதாக இழுத்தேன். டைனமோவுக்குத் திரும்பக் காயில் கட்டினேன். ஒவ்வொரு வேலை முடிந்ததும் ஓரிரு நாள் வெளிச்சம் கூடியதுபோல் இருக்கும். பிறகு பழையபடி ஆகிவிடும்.

கடைசியில் வண்டியையே பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாற்றினேன். பேட்டரி, டைனமோ, காயில், பல்ப் எல்லாம் வேறு. ஸ்டார்ட்டரை மட்டும் விட்டுவைத்தேன். ஒரு மாத ஞாயிற்றுக்கிழமைகள் அதற்கே போயின. முடித்த அன்று சாயங்காலம் மீட்டரை வைத்துப் பார்த்தேன். முள் சரியான இடத்தில் நின்றது. களத்தில் நின்ற மனைவி கையால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"ஏனுங்க, கண்ணு கூசுதுங்க! அணைச்சுப்போடுங்க."

நான் இருக்கையில் உட்கார்ந்து எதிரே பார்த்தேன். அவள் நின்ற இடத்தில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம். அவளுக்கு இரண்டு பக்கமும் ஒன்றுமில்லை. மாட்டுக்கட்டுத்தறி அங்கேதான் இருக்க வேண்டும், தெரியவில்லை. மீட்டரைத் திரும்ப வைத்தேன். முள் அதே இடத்தில். கருவி பொய் சொல்லாது என்று பத்து வருடமாக மில்லில் எனக்குக் கீழே வேலை பார்த்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். அன்றைக்கு மீட்டர் பழுது என்று முடிவு செய்தேன்.

அடுத்து ஸ்டியரிங். வண்டி தானாக ரோட்டோரம் இறங்குகிறது என்று மிஸ்திரியிடம் சொன்னேன். மைல்கல்லில் இரண்டு முறை உரசிவிட்டது. அவர் முன் அச்சைக் கழற்றி பேரிங் மாற்றினார். அடுத்த மாதமும் போய் அதையே சொன்னேன்.

"சார், போன மாசந்தானுங்களே மாத்துனோம்? ஆட்டம் ஒண்ணுமே இல்லீங்க."

"எனக்குத் தெரியாதுங்களா? நாந்தான ஓட்டறேன்?"

மறுபடியும் கழற்றிப் பூட்டினார். பிறகு பிரேக் ஒரு பக்கம் இழுக்கிறது என்றேன். நான்கு சக்கரத்துக்கும் புது லைனிங் போட்டுக் கொடுத்தார்.

பிரேக் வேலை முடிந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். பொழுது மசங்கும் நேரத்தில் மில்லிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். ரோட்டில் எதுவும் இல்லை. இல்லை என்றுதான் நினைத்தேன். திடீரென்று இடி விழுந்ததுபோல் ஒரு சத்தம். என் நெஞ்சு ஸ்டியரிங்கில் மோதியது.

இறங்கிப் பார்த்தேன். விறகுக்குக் காய்ந்த பருத்திமார் ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று குடை சாய்ந்து கிடந்தது. இடப்பக்கத்து மாட்டின் பின்னங்கால் முறிந்து எலும்பு வெளியே வந்திருந்தது. அது கத்தவில்லை, எழுந்திருக்க மட்டும் திரும்பத் திரும்ப முயன்றது. வண்டிக்காரர் எங்கள் தோட்டத்துக்கு அடுத்த ஊர்க்காரர், ஐம்பது வயதுக் குடியானவர். ரோட்டில் உட்கார்ந்து மாட்டின் தலையை மடியில் அமுக்கிப் பிடித்துக்கொண்டார். "எந்திரிக்காத கண்ணு, எந்திரிக்காத" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

சாய்ந்த வண்டியின் அச்சில் கட்டிய லாந்தர் அப்போதும் எரிந்துகொண்டிருந்தது.

ஆட்கள் கூடிவிட்டார்கள். ஒருவர் கேட்டார், "எப்புடீங்க சார் ஆச்சு? பிரேக்குப் புடிக்கலீங்களா?"

அந்த ஒரு நொடியை நான் எத்தனையோ தரம் நினைத்துப் பார்த்திருக்கிறேன். அவர் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியாது.

"ஆமாங்க. பிரேக்குப் புடிக்கல. போன வாரந்தான் வேலை செஞ்சது."

யார் வேலை செய்தார் என்று நான் சொல்லவில்லை. சொல்லத் தேவையே இல்லை. என் ஜீப் எந்த ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் என்று அந்த ரோட்டில் எல்லோருக்கும் தெரியும். மாட்டுக்கு ஈடு கொடுத்தேன். அந்த மாடு பிழைக்கவில்லை.

பத்து நாள் கழித்து மிஸ்திரியே தோட்டத்துக்கு வந்தார். சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு, கொடுத்த காப்பியைக் குடித்து முடித்தார்.

"சார், உங்க வண்டிய ஒருக்கா ஓட்டிப் பாக்கோணுங்க. நீங்களும் கூட வாங்க. பொழுது எறங்கட்டும்."

வண்டியை அவர் ஓட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இட்டேரியில் மூன்று இடத்தில் பிரேக் போட்டார். மூன்று முறையும் வண்டி ஆணி அடித்ததுபோல் நின்றது. மெயின் ரோட்டில் ஏறியபோது நன்றாக மங்கிவிட்டது. விளக்கைப் போட்டார். கொஞ்ச தூரம் போய் வேகத்தைக் குறைத்தார்.

"சார், அந்த ஆளத் தெரியுதுங்களா?"

"எந்த ஆளுங்க?"

"வலத்தால, மரத்துக்கு இந்தப் பக்கத்தால. வெள்ளை வேட்டி."

நான் பார்த்தேன். உற்றுப் பார்த்தேன். மரமே தெரியவில்லை. அவர் வண்டியை நிறுத்தினார். அப்போது இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரல், "யாருங்க, சூலூருக்குங்களா?" என்று கேட்டது. அந்த ஆள் கைக்கு எட்டும் தூரத்தில் நின்றிருந்தார்.

அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு சூலூரில் இறக்கிவிட்டோம். திரும்பி வரும்போது மிஸ்திரி இட்டேரி முனையில் என்ஜினை அணைத்தார்.

"லைட்டு நல்லாத்தானுங்க இருக்குது சார்" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கோயமுத்தூரில் கண் டாக்டரிடம் போனேன். இருட்டறையில் உட்கார வைத்து, சின்ன விளக்கால் கண்ணுக்குள் வெகுநேரம் பார்த்தார். பிறகு, உங்கள் அப்பா அம்மா சொந்தமா என்று கேட்டார். அப்பாதான் அம்மாவுக்குத் தாய்மாமன் என்றேன். நீங்கள் கட்டியது யாரை என்று கேட்டார். மாமன் மகள், காங்கேயம் என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, "குழந்தை இருக்குதுங்களா?" என்றார்.

இது பரம்பரையாக வரும் கண்நோய், இதற்கு மருந்து இல்லை என்றார். முதலில் இருட்டில் தெரியாது, பிறகு பகலிலும் பக்கவாட்டுப் பார்வை சுருங்கிக்கொண்டே வரும், எத்தனை வருடத்தில் என்று சொல்ல முடியாது. மகளுக்கு வருமா என்று கேட்டேன். வரலாம், வராமலும் போகலாம், இப்போதே சொல்ல முடியாது என்றார்.

வீட்டில், கண்ணாடி போடச் சொன்னார் என்று மட்டும் சொன்னேன்.

அதன் பிறகும் நான் ஜீப் ஓட்டினேன். இதை எழுதக் கை கூசுகிறது. மேனேஜரிடம் ஏதோ காரணம் சொல்லி வேலை நேரத்தை முன்னால் மாற்றிக்கொண்டு, வெயில் இருக்கும்போதே வீட்டுக்கு வந்துவிடுவேன். பகலில் நன்றாகத் தெரிகிறதே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். ஆனால் சைக்கிள்கள் எங்கிருந்தோ திடீர் திடீரென்று முளைத்தன. ஐந்து மணிக்கு எழுவதை நிறுத்தவில்லை. முன்பைவிட அதிகமாகவே அந்த என்ஜினைத் துடைத்தேன். அதில் ஒரு குறையும் இல்லை. ஒரு குறை கிடைக்காதா என்றுதான் தினமும் தேடினேன்.

ஒருநாள் காலை வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. பெட்ரோல் வந்தது. பேட்டரி நன்றாக இருந்தது. பிளக்கில் மட்டும் பொறி இல்லை. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஒயர் ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்து, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றினேன். உள்ளே இருக்க வேண்டிய ரோட்டர் இல்லை. கட்டைவிரல் அளவுச் சாமான், அது இல்லாமல் எந்த என்ஜினும் ஓடாது. தானாகக் கழன்று விழவும் வழியில்லை.

சமையலறைக்குப் போனேன். மனைவி அடுப்புப் பக்கம் திரும்பி நின்றிருந்தாள்.

"நாந்தானுங்க எடுத்தேன்" என்றாள். "சந்தையில வண்டிய நிறுத்தறப்ப, திருட்டுப் போகாம இருக்க நீங்க கழட்டிப் பாக்கெட்ல போடுவீங்கல்லங்க. பாத்திருக்கறேன்."

"எங்க வெச்ச?"

"கெணத்துல போட்டுட்டனுங்க."

என் கை ஓங்கியது. ஓங்கிய கை அப்படியே நின்றது. அவள் அழவில்லை.

"நேத்துச் சாயங்காலம் நம்ம புள்ள வாசல்ல உக்காந்து பூக் கட்டிட்டிருந்தா. நீங்க அவ மேலயே ஏறி மிதிச்சுட்டீங்க. அவ கத்துனதுக்கப்புறந்தான் அங்க ஆளிருக்குதுன்னே உங்களுக்குத் தெரிஞ்சுதுங்க. கண்ணாடிக்குச் சொன்னாருன்னு எங்கிட்டச் சொன்னீங்க. கண்ணாடி எங்கீங்க?"

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். டாக்டர் சொன்னது முழுவதையும் அப்போதுதான் அவளிடம் சொன்னேன். மகளைப் பற்றிச் சொன்னதையும். அதைக் கேட்டபோதுதான் அவள் அடுப்பை அணைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அன்று வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

அந்த வாரமே வண்டிக்காரர் ஊருக்கு நடந்து போனேன். கட்டுத்தறியில் ஒற்றை மாடு நின்றது. பிரேக் நன்றாகத்தான் இருந்தது, எனக்குத்தான் கண் தெரியவில்லை, லாந்தர் எரிந்ததும் தெரியவில்லை என்று சொன்னேன். அவர் மாட்டுக்குப் போட இருந்த தட்டைக் கீழே வைத்தார்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமுங்களே" என்றார். அவ்வளவுதான். உட்காரச் சொல்லவில்லை.

அவரிடம் சொல்லியாகிவிட்டது. ஆனால் ரோடு முழுவதும் பரவிய பேச்சை நான் எங்கே போய்ப் பிடிப்பது? பஸ் முதலாளி ஒருவர் இரண்டு வண்டிகளையும் வேறு ஒர்க்‌ஷாப்புக்கு மாற்றிவிட்டார். அவரைப் பார்த்து லாரிக்காரர்களும் போனார்கள். நான் தெரிந்தவர்களிடமெல்லாம் உண்மையைச் சொன்னேன். குருடன் ஒருவன் மிஸ்திரிக்காகப் பரிதாபப்பட்டுச் சொல்கிறான் என்பதுபோலத் தலையாட்டினார்கள். வருடம் திரும்புவதற்குள் மிஸ்திரி கொட்டகையைப் பிரித்துவிட்டு, உடுமலைப்பேட்டையில் ஒரு தேங்காய் மண்டிக்காரரின் லாரிகளைப் பார்க்கும் வேலைக்குப் போய்விட்டார்.

மில்லில் என்னை ஸ்டோருக்கு மாற்றினார்கள். காலையில் மனைவி இட்டேரி முனைவரை கூட்டிவந்து பஸ் ஏற்றிவிடுவாள், மாலையில் வந்து காத்திருப்பாள். பல வருடம் மகளை நான் சோதித்துக்கொண்டே இருந்தேன். விளக்கு வைக்கும் நேரத்தில் வேண்டுமென்றே ஒரு காசையோ பேனா மூடியையோ கீழே போட்டு, எடுத்துக் கொடு கண்ணு என்பேன். ஒவ்வொரு முறையும் எடுத்துக் கொடுத்தாள். ஒவ்வொரு முறையும் அவள் குனிந்து எழும் நேரம்வரை என் மூச்சு நின்றிருக்கும்.

மிஸ்திரி உடுமலைப்பேட்டைக்குப் போன சில வாரத்தில் ஜீப்பை அந்த மண்டிக்காரரே வாங்கிக்கொண்டார். ஓட்டிப்போக மிஸ்திரிதான் வந்தார், புது ரோட்டர் ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு. பானெட்டைத் திறந்து மாட்டினார். முதல் உதையிலேயே என்ஜின் பிடித்துக்கொண்டது. அவர் பானெட்டை உடனே மூடவில்லை. ஒயர்கள், பெல்ட், பேட்டரி முனை என்று ஒவ்வொன்றாகக் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்ப்பது எனக்குத் தெரிந்தது, நல்ல வெயில்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று காலையிலிருந்து சொற்களைச் சேர்த்துவைத்திருந்தேன். அவர் நிமிர்ந்து துணியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"வண்டிய நல்லா வெச்சிருக்கறீங்க சார்" என்றார். "நான் வாரேனுங்க."

ஜீப் களத்தைத் தாண்டி இட்டேரிக்குள் திரும்பியது. திரும்பிய இடத்திலேயே என் பார்வையின் ஓரத்தைத் தாண்டிவிட்டது. சத்தத்தை மட்டும் ஓடைவரை கேட்டுக்கொண்டு நின்றேன். நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.