சத்தத்தை அணைத்துப் பார்த்த உண்ணாவிரதம்

1. மியூட்

முதல் நாளே ஷீலா மேடம் சொல்லிக்கொடுத்தது, வீடியோவை மியூட்டில் பார்க்க வேண்டும் என்பதுதான். எங்கள் டீம் லீட் அவர், இதே நகரத்தின் காக்ஸ் டவுன் பகுதிக்காரர். எங்கள் வேலை கன்டென்ட் மாடரேஷன். இணையத்தில் யாராவது ஒரு வீடியோவைப் பற்றிப் புகார் செய்தால் அது எங்கள் க்யூவுக்கு, அதாவது பார்த்து முடிக்க வேண்டிய வரிசைக்கு, வரும். விடலாமா, எச்சரிக்கை போடலாமா, நீக்கலாமா என்று சில நொடிகளில் முடிவு செய்ய வேண்டும். அலறலும் அழுகையும் காதில் விழாவிட்டால் வேலை வேகமாக நடக்கும், தூக்கமும் கெடாது.

தமிழ் க்யூ என்னுடையது. தங்கவயலிலிருந்து வந்த எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். முடிவுகள் எவ்வளவு சரி என்று கணக்கிடும் ஸ்கோரில் மூன்றே மாதத்தில் டீமில் நான்தான் முதலிடம்.

2. பன்னிரண்டாம் நாள்

ஊரைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. பறிபோன நிலத்தைத் திருப்பிக் கேட்டு ஒருவர் பந்தலில் சாகும்வரை உண்ணாவிரதம் இருந்தார். பன்னிரண்டாம் நாள் அந்த நேரலை என் க்யூவுக்கு வந்தது. அரசியல் போராட்டம் என்றால் எச்சரிக்கையோடு விடலாம், உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் மேலே அனுப்ப வேண்டும், அவர்கள் அந்த ஊர் போலீசுக்குச் சொல்வார்கள். இதுதான் விதி. அவர் உதடு அசைந்தது. கோஷம் போடுகிறார் என்று நினைத்து விட்டுவிட்டேன். வெளிநாட்டிலிருந்து பார்ப்பவர்கள் ஏறிக்கொண்டே போனார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஆனால் ஒன்று உறுத்தியது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டபோது, ஒரு கை வந்து அதை மறுபடி கேமரா பக்கம் திருப்பியது. பேனர் முழுக்க ஆங்கிலம். சுற்றி நின்றவர்கள் அவரைவிட கேமராவைத்தான் அதிகம் பார்த்தார்கள்.

விட்ட வீடியோவை யாரும் திரும்ப எடுத்துப் பார்ப்பதில்லை. எடுத்தேன், சத்தம் வைத்தேன். அந்த உதடு சொன்னது கோஷம் இல்லை.

"போதும்ணே. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

பக்கத்திலிருந்த குரல் சொன்னது: "இன்னும் ஒரே நாள் தம்பி. வெளிநாட்டுக்காரன் இப்பதான் பார்க்க ஆரம்பிச்சிருக்கான்."

கீழே அவர் பேச்சின் மொழிபெயர்ப்பு என்று ஆங்கில வரி, 'என் மண்ணுக்காக என் உயிர்' என்ற அர்த்தத்தில் ஓடியது.

முடிவை மாற்ற வேண்டும் என்று ஷீலா மேடத்திடம் போனேன். என் தவறு என்று பதிவாகும், ஸ்கோர் விழும் என்று எச்சரித்தார். போராட்டத்தின் வாயை அடைத்தோம் என்று நம்மைத் திட்டுவார்கள் என்றும் சொன்னார். என்னையா, கம்பெனியையா, யாரைக் காப்பாற்றப் பார்க்கிறார் என்று அவர் மேலும் எனக்குச் சந்தேகம் வந்தது.

"நீங்களே கேளுங்க மேடம். அதுக்கப்புறமும் விடணும்னா, உங்க பேர்ல விடுங்க."

"உனக்கு வாய் ஜாஸ்திம்மா," என்றபடி கேட்டார். இரண்டாவது தடவை கேட்கவில்லை. உயிர் ஆபத்து என்று குறித்து மேலே அனுப்பினார். அன்று மாலையே உண்ணாவிரதம் இருந்தவரை போலீஸ் மருத்துவமனைக்குத் தூக்கிப்போனதாகத் தகவல் வந்தது.

3. பிறகு

பிழைத்துக்கொண்டார். அவரைத் தூக்கிப்போகும் படம்தான் எல்லா நாட்டிலும் பரவியது. அதுவரை வாய் திறக்காதவர்கள் கண்டன அறிக்கை விட்டார்கள். ஆக, உலகத்தின் கருத்து கொஞ்சம் மாறியது உண்மை. நிலம் திரும்பியதா என்று எனக்குத் தெரியாது.

சில வாரம் கழித்து அவர் பேசிய வீடியோ ஒன்று வந்தது. இந்த முறை முதலிலிருந்தே சத்தம் வைத்துக் கேட்டேன். "போதும்னு நான் யார்கிட்டயும் சொல்லல. வலுக்கட்டாயமாத்தான் என்னைத் தூக்கினாங்க," என்றார். தானாகச் சொன்னாரா, சொல்லவைத்தார்களா? மூன்று முறை கேட்டும் புரியவில்லை. விதிப்படி அதில் தவறில்லை. விட்டுவிட்டேன்.

இப்போது புதிதாகச் சேருபவர்களுக்கு நான்தான் பயிற்சி கொடுக்கிறேன். இப்படி உயிரைக் கொடுத்தால் உலகம் மாறுமா என்று யாராவது கேட்பார்கள். மாறலாம். அதைப் பார்ப்பதற்கு முன்னால், படுத்திருப்பவர் தன் மனதை மாற்றிக்கொள்ள அந்தப் பந்தலில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள் என்பேன்.