அருவியில் அழிந்த கோடு

1. சாரல்

"கோடெல்லாம் எங்க போச்சு?" நான் போட்ட சத்தம் வெளியே காத்திருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். மேசையில் படுத்திருந்த பேச்சியக்காவின் மார்பில், கதிர் விழவேண்டிய இடத்தைக் காட்ட நான் மார்க்கரால் போட்டிருந்த கோடுகளில் ஒன்றுகூட இல்லை.

குற்றாலத்தில் அருவிக்குப் போகும் வழியில் துண்டும் எண்ணெயும் விற்பவர் அவர். மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து, தென்காசியில் நான் டெக்னீஷியனாக இருக்கும் மருத்துவமனைக்குக் கதிர்வீச்சுக்காக வந்துகொண்டிருந்தார். சிகிச்சை முடியும்வரை கோட்டில் தண்ணீர் படக் கூடாது என்பது முதல் நாளே நான் போட்ட சட்டம்.

"குளிச்சீங்களாக்கா?"

"சாரல் விழுதுல்லா தாயி. ஊரு உலகமெல்லாம் வந்து குளிக்கி, நான் துண்டு வித்துக்கிட்டு நிக்கேன். மனசு கேக்கல. சும்மா தலையக் காட்டிட்டு வந்துட்டேன்."

எனக்குக் கோபமான கோபம். அவர் சிரித்தார். "ஏசாத. திரும்ப வரைஞ்சு விடு. எல்லாம் சரியானபெறவு உன்னையும் கூட்டிட்டுப் போறேன்." நானும் சிரித்துத் தொலைத்தேன்.

2. ஓட்டை

மறுபடி கோடு போட, புதிதாக சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டும். அதில் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் எல்லை வரைந்து, அவற்றில் கதிர் அதிகம் படாமல் பிளான் போட வேண்டும். முன்பெல்லாம் டாக்டர் உட்கார்ந்து வரைந்து முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். இப்போது ஏஐ சாஃப்ட்வேர், நாம் டீ குடித்துவிட்டு வருவதற்குள் வரைந்து வைத்துவிடுகிறது.

அன்றும் வரைந்தது. நுரையீரலில் மட்டும் அங்கங்கே வரையாமல் சின்னச் சின்ன ஓட்டைகளை விட்டிருந்தது.

"சாஃப்ட்வேர் சொதப்பிருக்கு டாக்டர். கையால அடைச்சிரவா?"

டாக்டர் குனிந்து பார்த்தார். பழைய ஸ்கேனைத் திறந்து பக்கத்தில் வைத்தார். அதில் ஓட்டை இல்லை.

"அது சரியாத்தாம்மா வரைஞ்சிருக்கு. அங்கன இருக்கது நுரையீரல் இல்ல."

நோய் பரவியிருந்தது. அந்த சாஃப்ட்வேர் தப்பு செய்துவிடக் கூடாதே என்று எத்தனையோ முறை பயந்திருக்கிறேன். அன்று மட்டும் அது தப்பு செய்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

3. அனுமதி

மற்ற பரிசோதனைகளும் அதையே சொல்லின. இனி கதிர் வேண்டாம், மருந்து மட்டும் போதும் என்று டாக்டர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். பேச்சியக்கா தலையாட்டிக்கொண்டே இருந்தார். எழுந்திருக்கும்போது என்னிடம் கேட்டார். "கோடு எப்பம் போடுவ தாயி?"

டாக்டர்தான் சொன்னார். "இனி கோடு வேண்டாம்மா. நீங்க அருவியில ஆசைதீரக் குளிக்கலாம்."

அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

"அப்பம் அவ்வளவுதானா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த வருடச் சாரலுக்கு அவர் இல்லை.

இப்போது கேமராவே உடம்பைப் பார்த்து இடம் பிடிக்கிறது. கோடு தேவையில்லை. புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: சாஃப்ட்வேர் வரைந்தது தப்பாகப் பட்டால், திருத்துவதற்கு முன் ஸ்கேனை இன்னொரு முறை பாருங்கள். அவர்கள் நோயாளிகளிடம் முதல் நாளே, "தாராளமா குளிக்கலாம்" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். சொல்லட்டும், நல்ல சேதிதானே. எனக்குத்தான் இன்றுவரை அதைச் சொல்ல வாய் வரவில்லை.