ஏலத்தில் போன தோதாரா

மூன்று வருடங்களுக்கு முன், இராஜாக்கமங்கலம் பக்கத்திலுள்ள எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை. காணிக்கையாக வரும் பூசணி, வாழைக்குலை, சேவல் எல்லாவற்றையும் ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவோம். கூவுவது நான்தான். மைக் கைக்கு வந்துவிட்டால் என் வாய்க்குப் பூட்டு கிடையாது.

அன்று சேனைக்கிழங்குக் குவியலுக்குப் பின்னால் ஒரு இசைக்கருவி சாய்ந்திருந்தது. சின்ன மரக்குடம், மேலே தோல், நான்கு கம்பிகள். பட்டாளத்திலிருந்து வந்த யாரோ படைத்தது என்று நானாகவே முடிவு கட்டினேன். கம்பியைச் சுண்டிவிட்டு, "வடநாட்டுச் சாமான் மக்கா, விட்டா கிடைக்காது!" என்று மூன்று தரம் கூவினேன். வடசேரியிலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர், ஷோகேஸில் வைக்கலாமென்று எடுத்துக்கொண்டு போனார்.

மதியம் சாப்பாட்டுப் பந்தியில் இருந்தபோது, ஆலய முற்றத்தில் டைல்ஸ் பதிக்கும் வங்காளத்துக்காரர் ஓடிவந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"அண்ணா, என் தோதாரா காணோம். கொட்டகை ஒழுகுது, கோயில் உள்ளே பத்திரம்னு வச்சேன்."

கல்யாணத்துக்காக ஊருக்குக் கிளம்பும் கூட்டாளிக்கு அன்று மாலை டைல்ஸ்காரர்கள் எல்லாரும் சேர்ந்து பாட்டும் ஆட்டமும் வைத்திருந்தார்கள். தோதாரா இல்லாமல் ஆட்டமில்லையாம். நான் கூவி விற்ற கம்பிக்கருவிதான் அது! பாதிச் சோற்றில் எழுந்தேன். அவரைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு வடசேரிக்கு விரட்டினேன்.

வழியில்தான் சொன்னார். கோட்டாறு மரக்கடையில் வாங்கிய பலாத்துண்டாம். ஆறு மாதம், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் உட்கார்ந்து அவரே செதுக்கியதாம். நம்ம ஊர்ப் பலாவையா நான் வடநாட்டுச் சாமான் என்று கூவினேன்! காதெல்லாம் சுட்டது.

டீச்சர் கதையைக் கேட்டதும் என்னைத்தான் பிடித்தார். "ஏலே, யாருக்க சாமான்னு ஒரு வார்த்த கேக்கப்பிடாதாலே? வாய் மட்டும் வடசேரி வர நீளுது!"

தோதாராவைத் துடைத்து வங்காளத்துக்காரரிடம் நீட்டினார். "பைசா காணிக்கைக்குப் போனது, அது அங்கயே இருக்கட்டு. எனக்கு ஒரு பாட்டு வாசி மோனே, போதும்."

அவர் வாசலிலேயே சம்மணம் போட்டு மீட்டினார். கண்ணில் நீர், விரலில் துள்ளல். மூட்டுவலிக்காரரான டீச்சர் கைதட்டிக்கொண்டே இரண்டு சுற்று கும்மியடித்துவிட்டார். அவர் ஆடுவதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

மாலை ஆட்டத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். என்ன ஆடினேனோ, சிரிக்காத ஆளில்லை.

இப்போதும் பண்டிகை ஏலத்தில் எதைத் தூக்கினாலும், "இது யாருக்க சாமான்?" என்று கேட்காமல் கூவுவதில்லை. ஒரு மனிதரின் ஆறு மாத ஞாயிற்றுக்கிழமைகளை மூன்றே கூவலில் விற்றவன் நான்.